பட்டம் போதாத பொட்டலம்

வியன்னாவில் ஒருவர் செத்தால்கூடப் பட்டத்தோடுதான் சாவார். கல்லறைக் கல்லில் முதலில் பட்டம் இருக்கும், பிறகு பெயர், இடமிருந்தால் அன்பான கணவர் என்று ஒரு வரி. நான் வெறும் இஞ்சினியர். தொழிற்பள்ளியில் படித்துவிட்டுச் சில வருஷம் வேலை பார்த்தால் அரசாங்கமே கொடுத்துவிடுகிற பட்டம் அது. என் வீட்டு வாசலில் "இஞ்சினியர் ரூப்பெர்ட் ஷ்டாட்லோபர்" என்று பித்தளைத் தகட்டில் போட்டு, கீழே அழைப்புமணி வைத்திருக்கிறேன். மணி ஆறு வருஷமாக அடிப்பதில்லை.

நான் வேலை செய்வது மகரந்த அளவீட்டு நிலையத்தில். கூரைமேல் காற்றை உறிஞ்சும் ஒரு டப்பா இருக்கிறது. அதற்குள்ளே பசை தடவிய நாடாவில் காற்றிலிருக்கும் மகரந்தம் எல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும். டப்பாவைப் பார்த்துக்கொள்வது நான். நாடாவை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து ஒவ்வொரு துகளாக எண்ணுவது எதிர் மேசைக்காரி, மாகிஸ்டர் லியோபோல்டினே வுர்ட்ஸிங்கர். மாகிஸ்டர் என்றால் முதுகலைப் பட்டம்; எங்களுக்கு அவள் வெறும் போல்டி. பதினெட்டு வருஷமாக எண்ணுகிறாள். எண்ணி எண்ணி, பிர்ச் மரம் எந்த நாளில் பூத்து ஊரைத் தும்ம வைக்கும் என்பதை மூன்று நாளைக்கு முன்னாலேயே சொல்லிவிடும் ஒரு கணக்கையும் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். புள்ளியியல்காரர்கள் பயன்படுத்தும் நிரல்மொழி ஒன்றைத் தானே தட்டுத்தடுமாறிக் கற்று, அதில் எழுதி வைத்திருந்தாள். தினமும் காலையில் அந்தக் கணக்கு ஆஸ்பத்திரிக் கணினியில் ஓடும். ஆஸ்பத்திரி எச்சரிக்கை விடும். ஊரில் மூச்சிரைப்பு உள்ளவர்கள் எல்லாம் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள்.

அவர்களில் ஒருவன் அவள் புருஷன் ஃபெர்டில். டிராம் ஓட்டுகிறான். அவன் ஓட்டும் தடத்தில் கடைசி நான்கு நிறுத்தங்களிலும் இரண்டு பக்கமும் பிர்ச் மரங்கள். நகராட்சி ஆசை ஆசையாக நட்டது. எச்சரிக்கை வந்த நாட்களில் ஃபெர்டிலை வெளியே அனுப்பாமல் டிப்போவுக்குள்ளேயே வண்டி சரிபார்க்கும் வேலையில் போட வேண்டும் என்பது ஏற்பாடு. போன வருஷம் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு கணினிப் பாதுகாப்பு அதிகாரி வந்தார். "யாரோ ஒரு அம்மா எழுதின கணக்கெல்லாம் இங்க ஓடக் கூடாது" என்று நிறுத்திவிட்டார். பிர்ச் பூத்த நேரத்தில் நான்கு நாள் எச்சரிக்கை இல்லை. மூன்றாம் நாள் ஃபெர்டில் மூச்சு முட்டி, பிரேக்கைப் பிடித்தபடியே சரிந்துவிட்டான். நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை. டிப்போ டாக்டர் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, அப்புறம் ஓட்டுநர் இருக்கையை மறந்துடுங்க."

ஃபெர்டிலுக்கு டிராமைத் தவிர வேறு எதுவும் தெரியாது. வேறு எதுவும் பிடிக்கவும் பிடிக்காது.

"ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதானே இருக்கீங்க, நேரா அவன்கிட்டயே சொல்லிடலாமே" என்று நான் போல்டியிடம் கேட்டேன்.

"சொல்லாமலா இருப்பேன்? போய் டிப்போ தலைவர்கிட்ட சொன்னான். பொண்டாட்டி சொன்னா உள்வேலை குடுக்கிறதா இருந்தா ஒரு டிராமும் ஓடாதுங்கிறார்."

பாதுகாப்பு அதிகாரி இந்த வருஷம் ஒரு வழி சொன்னார். கணக்கை எல்லாம் ஒழுங்காக மூட்டை கட்டி, நிரல்களைச் சோதித்துச் சேர்த்து வைக்கும் மத்தியக் களஞ்சியத்துக்கு அனுப்ப வேண்டும். இப்படிக் கட்டிய மூட்டையை எங்கள் ஊரில் பொட்டலம் என்றே சொல்வார்கள். களஞ்சியம் சோதித்து ஏற்றுக்கொண்ட பொட்டலம் என்றால் ஆஸ்பத்திரிக் கணினியில் ஓடலாம். களஞ்சியம் ஏற்கவில்லையென்றால், அதை எழுதியவள் வந்து காலில் விழுந்தாலும் ஓடாது.

போல்டி பிப்ரவரி முதல் வாரம் பொட்டலத்தைக் கட்டினாள். கூடவே, கணக்கு ஓடுவதைக் காட்ட ஒரு உதாரணமும் ஒரு படிவமும். முதல் கட்டத்தில் "டிட்டல்" என்று போட்டிருந்தது.

இங்கேதான் சனி பிடித்தது. எங்கள் மொழியில் ஒரு நூலின் தலைப்புக்கும் ஒரு மனிதரின் பட்டத்துக்கும் சொல் ஒன்றுதான், டிட்டல். களஞ்சியத்துக்கு வேண்டியது பொட்டலத்தின் தலைப்பு. ஆனால் வியன்னாவில் பிறந்த எவளும் படிவத்தில் "டிட்டல்" என்று கண்டால் யோசிக்க மாட்டாள், கை தானாகப் பட்டத்தை எழுதிவிடும். போல்டியும் "மாகி." என்று சுருக்கி எழுதி, புள்ளி வைத்து அனுப்பிவிட்டாள். எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. எங்கள் கட்டிடத்தில் ஒருத்தருக்காவது தெரிந்திருந்தால் இந்தக் கதை இந்தப் பத்தியோடு முடிந்திருக்கும்.

மூன்றாம் நாள் பதில் வந்தது.

"தங்கள் பொட்டலம் பரிசீலிக்கப்பட்டது. பிழை: ஒன்று. குறிப்புகள்: மூன்று. பிழை: டிட்டல் முற்றுப்புள்ளியில் முடியக் கூடாது. குறிப்பு ஒன்று: தாங்கள் இதற்கு முன் எந்தப் பொட்டலமும் அனுப்பியதில்லை. குறிப்பு இரண்டு: 'வுர்ட்ஸிங்கர்' என்பது எழுத்துப்பிழையாக இருக்கலாம். குறிப்பு மூன்று: தங்கள் உதாரணம் ஓடி முடிய ஐந்து விநாடிக்கு மேல் ஆகிறது, களஞ்சியத்துக்கு அவ்வளவு நேரம் இல்லை. அனைத்தையும் சரிசெய்து அனுப்பவும்."

"இதுக்கு முன்னாடி அனுப்பலைங்கிறதை இப்ப எப்படிடா சரிபண்றது?" என்று போல்டி என்னைக் கேட்டாள்.

"போன வருஷம் போய் அனுப்பிட்டு வா" என்றேன்.

ஃபெர்டிலுக்கு வேறு கவலை. "எங்கப்பன் பேர்ல எழுத்துப்பிழையா? எங்க தாத்தா பேர்லயுமா? மூணு தலைமுறையா தப்பாவா கையெழுத்துப் போட்டுக்கிட்டிருந்தோம்?" என்று குதித்தான். தன் ஞானஸ்நானச் சான்றிதழைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டான். அதையும் பொட்டலத்தோடு சேர்த்துக் கட்டினாள் போல்டி. புள்ளியை அழித்தாள். உதாரணத்தில் இருந்த பதினெட்டு வருஷக் கணக்கை ஒரே ஒரு செவ்வாய்க்கிழமையாகச் சுருக்கினாள். அது அரை விநாடியில் ஓடியது. எதையும் காட்டவில்லை, ஆனால் ஓடியது.

இரண்டாவது பதில் இன்னும் அழகு.

"பிழை: பொட்டலத்தில் அனுமதியற்ற கோப்பு உள்ளது (ஞானஸ்நானச் சான்றிதழ்). பிழை: டிட்டல் மிகச் சிறியது. உள்ளடக்கத்தின் தகுதியைப் போதுமான அளவு வெளிப்படுத்தவில்லை. விரிவாக்கவும். குறிப்பு: தங்கள் கோப்புகள் எதிர்காலத்தில் எழுதப்பட்டுள்ளன."

போல்டி முகம் சிவந்துவிட்டது. மற்றவை எதுவும் அவள் கண்ணில் படவே இல்லை. அவள் டாக்டர் பட்டத்துக்கு நான்கு வருஷம் ஆராய்ச்சி செய்தவள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும் பாதியில் விட்டுவிட்டு, அவரைப் பார்த்துக்கொண்டாள். அதைப் பற்றி யாரிடமும் பேச மாட்டாள். கிறிஸ்துமஸ் விருந்தில் டாக்டர்கள் எல்லாம் ஒரு மேசையில் உட்கார்ந்தால், எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து உருளைக்கிழங்கு சாலட்டைக் குத்திக்கொண்டிருப்பாள்.

"பாத்தியா ரூப்பெர்ட், மாகிஸ்டர் பத்தாதாம். தகுதியை வெளிப்படுத்தலையாம்! மகரந்தத்தை எண்றதுக்கு டாக்டர் பட்டம் எதுக்குடா? கண்ணு போதாதா?" என்றவள், கைக்குட்டையை எடுத்துக்கொண்டாள். "கணக்கு இங்க ஓடுது. என் கணினியில ஓடுது. உன் கணினியில ஓடுது. வேற என்னதான் வேணும் இவங்களுக்கு?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. நேரிலேயே போய்க் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தோம்.

களஞ்சியம் செவ்வாய்க்கிழமை மட்டும், ஒன்பதிலிருந்து பதினொன்று வரை, பொதுமக்களைப் பார்க்கும். நாங்கள் போனது மார்ச் மூன்றாவது செவ்வாய். மூன்றாம் மாடியில், கதவு முழுக்க ஒரே பெயர்ப்பலகை: ஹோஃப்ராட் பேராசிரியர் டாக்டர் டாக்டர் அடால்பெர்ட் ட்ஸ்வெட்லிங்கர். டாக்டர் என்று இரண்டு தடவை போட்டிருந்தது எழுத்துப்பிழை அல்ல. இரண்டு வாங்கியிருக்கிறார்; ஊரில் அப்படி வாங்கிய ஹோஃப்ராட் அவர் ஒருவர்தான். ஹோஃப்ராட் என்றால் அரசவை ஆலோசகர். அரசவை போய் நூறு வருஷத்துக்கு மேலாகிறது, ஆலோசகர்களை மட்டும் இன்றைக்கும் நியமித்துக்கொண்டிருக்கிறோம்.

"கைக்கு முத்தம், மாகிஸ்டர் அம்மா. வணக்கம், இஞ்சினியர்" என்று பழைய வியன்னா மரியாதைப்படி எழுந்து வரவேற்றார். நல்ல மனுஷர்தான், அதில் குறையில்லை. சாக்லேட் தட்டை நீட்டினார். பிறகு சொன்னார்: "நீங்க எங்களைப் பத்தித் தப்பா நினைச்சிடக் கூடாது. நாங்க யாரையும் தடுக்கிறதில்லை. ஏத்துக்கிறதில்லை, அவ்வளவுதான்."

"ஹோஃப்ராட் ஐயா, பிர்ச் பூக்கிறதுக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருக்கு" என்றாள் போல்டி.

"பூக்கட்டும். பூக்கள் எங்க அதிகார வரம்புல வராது."

"என் புருஷனோட வேலை போயிடும் ஐயா. போன வருஷம் வண்டியிலயே மூச்சடைச்சு விழுந்தார்."

ஹோஃப்ராட் கண்ணாடியைக் கழற்றி, உண்மையிலேயே வருத்தப்பட்டார். "கேக்கவே கஷ்டமா இருக்கு. ஆனா பாருங்க, ஒரு தப்பான பொட்டலத்தை உள்ள விட்டா நாளைக்கு எத்தனை பேருக்கு மூச்சடைக்கும்? அதனாலதான் நாங்க சரியான பொட்டலங்களையும் திருப்பி அனுப்பறோம். பழக்கம் விட்டுப்போகக் கூடாதில்ல."

"கோப்பெல்லாம் எதிர்காலத்துல எழுதியிருக்குன்னு சொல்றீங்களே, அது எப்படி?" என்று நான் கேட்டேன்.

எங்களை நிலவறைக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு கணினி, குளிர்சாதனப் பெட்டி அளவுக்கு, புழுக்க வாடையோடு உறுமிக்கொண்டிருந்தது. உலகத்தில் அந்த வகையில் ஓடுவது அது ஒன்றுதானாம். ஒவ்வொரு பொட்டலமும் அதில் ஓடிக்காட்ட வேண்டும். திரையின் ஓரத்தில் தேதி தெரிந்தது: 11 நவம்பர் 1998.

"ஹோஃப்ராட் ஐயா, கடிகாரம் நின்னுபோச்சே!"

"நிக்கலை. உறுதியா இருக்கு" என்றார் அவர். "இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஒரே நேரத்தைச் சொல்ற கடிகாரம் வேற எங்கயாவது பாத்திருக்கீங்களா? உலகம்தான் கொஞ்சம் முன்னாடி போயிடுச்சு. அதுக்கு களஞ்சியம் பொறுப்பாக முடியாது."

"திருத்தி வெக்கலாமே."

"வெக்கலாம். ஆனா இப்ப என்ன நேரம்னு உறுதிப்படுத்தணும். அதை உறுதிப்படுத்தற கணினி இதுதான்."

போல்டி விடவில்லை. படி ஏறும்போதே கேட்டுவிட்டாள்: "ஐயா, என் டிட்டல் பத்தாதுன்னு எழுதியிருக்கீங்க. பத்தாதுன்னா எவ்வளவு வேணும்? நேரா சொல்லுங்க. நான் ஐம்பத்தோரு வயசுல மறுபடி பல்கலைக்கழகத்துக்குப் போகணுமா?"

ஹோஃப்ராட் படியில் நின்றார். அவருக்கும் அந்தக் கட்டத்தில் எது வேண்டும் என்பது தெரியாது என்பதை நான் அப்போது கவனிக்கத் தவறிவிட்டேன். "விதியை எழுதினவர் ஓய்வு பெத்துட்டார்" என்றார். "ரொம்பக் கூர்மையானவர். அவர் எழுதினது எங்களுக்குப் புரிஞ்சதே இல்லை, அதனாலதான் ஒரு வார்த்தையைக்கூட மாத்தலை. டிட்டல் கனமா இருக்கணும், புள்ளியில முடியக் கூடாது, ஒவ்வொரு வார்த்தையும் பெரிய எழுத்துல ஆரம்பிக்கணும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். என்னையே எடுத்துக்குங்க. என்கிட்ட நாலு இருக்கு, எனக்கு எந்தப் படிவமும் இதுவரைக்கும் திரும்பி வந்ததில்லை." சற்றுத் தயங்கி, அன்பாகச் சேர்த்துக்கொண்டார்: "மாகிஸ்டரும் கேவலம் இல்லைம்மா. ஆரம்பம்தான் அது."

திரும்பி வரும் வழி முழுக்க, "ஆரம்பம்தானாம்" என்று போல்டி முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

நிலையத்துக்கு வந்ததும் எங்கள் கணினிகளின் தேதியை எல்லாம் நவம்பர் 1998க்குத் திருப்பி வைத்தேன். அலுவலகத்தில் எனக்கு இருபத்தெட்டு வயதாயிற்று. இதற்குச் சம்பளப் பிரிவிலிருந்து ஒரு கேள்விக் கடிதம் வந்தது, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டேன். போல்டி கோப்புகளை அந்தத் தேதியில் மறுபடி சேமித்து அனுப்பினாள். எதிர்காலம் பற்றிய குறிப்பு போய்விட்டது. அதற்குப் பதிலாக, நிரலுக்குள் "எண்ணிக்கை" என்ற பெயரில் எங்கிருந்தோ ஒரு மாறி வந்திருப்பதாகவும், அதன் தாய்தகப்பன் யாரென்று தெரியவில்லை என்றும் ஒரு குறிப்பு வந்தது. தாய்தகப்பனை எழுதிக் கொடுத்தாள். மிச்சம் இருந்தது ஒரே பிழை: டிட்டல் போதாது.

செவ்வாய் போய் அடுத்த செவ்வாய் வந்தது. புதன்கிழமை காலை கூரைக்குப் போய் நாடாவை எடுத்து வந்தேன். போல்டி நுண்ணோக்கியில் குனிந்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"பதினோரு துகள். பிர்ச்" என்றாள். "வெள்ளிக்கிழமை வெடிச்சிடும். ஃபெர்டிலுக்கு வெள்ளிக்கிழமை காலை முறை. களஞ்சியம் இன்னைக்கு மதியத்தோட ஈஸ்டருக்கு மூடுது, ரெண்டு வாரம்."

"லீவு போடச் சொல்லேன்."

"ஈஸ்டர்ல லீவா? யார் குடுப்பா? சொல்லிப் பாத்துட்டேன். 'ஒரு தடவைதானே, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஓட்டிடறேன்'கிறான், மடையன்." அவள் நாடாவைத் தள்ளி வைத்தாள். "அவன் விழுவான் ரூப்பெர்ட். எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் ஒண்ணும் பண்ண முடியலை."

மணி பதினொன்று பத்து. என் வாழ்க்கையில் நான் உருப்படியாக யோசித்த ஒரே தடவை அதுதான்.

"போல்டி, அந்த ஆள் என்ன சொன்னார்? 'என்கிட்ட நாலு இருக்கு, எனக்கு எந்தப் படிவமும் திரும்பி வந்ததில்லை'ன்னார் இல்ல? அதையே போடு."

"எதை?"

"அவரோட பட்டத்தை. முழுசா."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"பேரையா போடச் சொல்றேன்? பேர் கட்டத்துல உன் பேரே இருக்கட்டும். டிட்டல்னுதானே கேக்கறான்? யாரோடதுன்னு கேக்கலையே!"

போல்டி என்னை முறைத்தாள். கடிகாரத்தை முறைத்தாள். பிறகு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையையும் பெரிய எழுத்தில் ஆரம்பித்துத் தட்டினாள்: ஹோஃப்ராட் பேராசிரியர் டாக்டர் டாக்டர். முற்றுப்புள்ளி வைக்கவில்லை. அனுப்பினாள்.

பதில் வர வழக்கமாக மூன்று நாள் ஆகும். அன்றைக்குப் பதினொரு நிமிஷத்தில் வந்தது.

"பிழை: இல்லை. எச்சரிக்கை: இல்லை. குறிப்பு: இல்லை. டிட்டல் மிகச் சிறப்பு. களஞ்சியம் மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொள்கிறது. இனிய ஈஸ்டர்."

அவள் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. மகரந்தம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆஸ்பத்திரிக் கணினி வியாழக்கிழமை காலை பொட்டலத்தை மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டது. அங்கே எச்சரிக்கைத் தாளில், பொட்டலத்தின் டிட்டல் எதுவோ அதுவே பெரிய எழுத்தில் மேலே வரும். அது தலைப்பு என்பது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. ஊர் முழுக்கப் போயிருந்தது இப்படி:

"ஹோஃப்ராட் பேராசிரியர் டாக்டர் டாக்டர்: நாளை பிர்ச் மகரந்தம் மிக அதிகம். பாதிக்கப்பட்டோர் வெளியில் பணிபுரியக் கூடாது."

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஃபெர்டில் டிப்போவிலிருந்து போன் செய்தான். போல்டி ஒலிபெருக்கியில் போட்டாள்.

"அடியே, இங்க ஒரே கூத்து! ஒவ்வொரு வருஷமும் உன் எச்சரிக்கைத் தாள் மேல காபிக் கோப்பையை வெப்பார் தலைவர். மத்தியானத்துக்கு மேலதான் எடுத்துப் பாப்பார். இன்னைக்குப் பாத்ததும் எழுந்து நின்னுட்டார்டி! 'ஹோஃப்ராட்டே எழுதியிருக்கார், நீ இன்னும் வாசல்ல நின்னு காத்து வாங்கறியா? உள்ள போய்யா!'ன்னு என்னைத் தள்ளாத குறை. ஜன்னலுக்கெல்லாம் ஈரத்துணி கட்டச் சொல்லியிருக்கார். எனக்குக் குடிக்க எலுமிச்சைத் தண்ணி! யாருடி அந்த ஹோஃப்ராட்?"

"மூச்சு எப்படி இருக்கு? அதை முதல்ல சொல்லு" என்றாள் போல்டி.

"நல்லா இருக்கு. சும்மா ஜம்முனு இருக்கு."

போனை வைத்துவிட்டு அவள் சிரித்தாள். சிரித்து முடித்ததும் கோபம் வந்தது. "பதினெட்டு வருஷம்டா" என்றாள். "பதினெட்டு வருஷம் காபிக் கோப்பைக்கு அடியில இருந்திருக்கேன்."

ஈஸ்டர் திங்கட்கிழமை நாங்கள் இரண்டு பேரும் வேலையில் இருந்தோம். மகரந்தத்துக்கு விடுமுறை கிடையாது. பத்து மணிக்குத் தொலைபேசி அடித்தது. போல்டி எடுத்தாள். அடுத்த நொடியே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒலிபெருக்கியைத் தட்டினாள். ஹோஃப்ராட் ட்ஸ்வெட்லிங்கர், வீட்டிலிருந்து.

அகப்பட்டுக்கொண்டோம் என்று நினைத்தேன்.

"கைக்கு முத்தம், மாகிஸ்டர் அம்மா. பண்டிகை நாள்ல தொந்தரவு குடுக்கறேன்" என்றார். குரலில் ஒரு கூச்சம். "பேப்பர்ல பாத்தேன். நான் என்னமோ சொல்லியிருக்கேன் போல. நாலு நாளா எல்லாரும் பாராட்டறாங்க. மருந்துக்கடைக்காரர் கையைக் குலுக்கினார். மந்திரி அலுவலகத்துலேர்ந்து பூங்கொத்து வந்திருக்கு. என் மனைவி முப்பது வருஷத்துல முதல் தடவையா நான் சொன்னபடி ஜன்னலைச் சாத்தியிருக்கா."

"ரொம்ப சந்தோஷம், ஹோஃப்ராட் ஐயா."

"அதுல ஒரு சின்னச் சங்கடம்தான். தெருவுல போனா, 'நாளைக்கு எப்படி ஐயா?'ன்னு கேக்கறாங்க. எனக்குத் தெரியலைன்னா நல்லா இருக்குமா? அதனால, நாளைக்கு நான் என்ன சொல்லப்போறேன்னு என்கிட்ட கொஞ்சம் முன்கூட்டியே சொல்லிட்டீங்கன்னா, உதவியா இருக்கும்."

போல்டி என்னைப் பார்த்தாள். நுண்ணோக்கிக்குப் பக்கத்திலிருந்த தாளை இழுத்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாகப் படித்தாள்:

"நாளைக்கு நீங்க நானூத்திப் பத்து துகள்னு சொல்றீங்க, ஐயா. மூச்சிரைப்பு இருக்கிறவங்க வெளியில வரக் கூடாதுங்கிறீங்க. அப்புறம், ஃபெர்டினாண்ட் வுர்ட்ஸிங்கர்னு ஒரு டிராம் ஓட்டுநர். பிர்ச் உதிர்ற வரைக்கும் அவரை டிப்போவுக்குள்ளயே வெச்சிருக்கணும்னு கண்டிப்பா சொல்லிட்டீங்க."

எதிர்முனையில் காகிதத்தில் பேனா ஓடும் சத்தம் கேட்டது.

"சரியாத்தான் சொல்லியிருக்கேன்" என்றார் ஹோஃப்ராட்.